கை வைக்காத ஒருத்தி

“கைநாட்டு வெக்கிறவங்களுக்குப் பேனா புடிக்கக் கத்துக் குடுக்கிறியாமே டீச்சரம்மா? கத்துக்கினு இன்னா பண்ணப் போறாங்க – கலெக்டருக்கு லட்டர் எழுதப் போறாங்களா?”

இரண்டு வருஷம் முன்பு ஏழுமலை அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. டீக்கடை வாசலில், சுற்றி நின்றவர்கள் சிரிக்கும்படி. அவர் எங்கள் ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி? அதை இந்தக் கட்டுரை முடியும்வரை சொல்லப் போவதில்லை... முடிந்த பிறகும்தான்.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, ஏரிக்கரையில் இறங்கி நடந்தால் எங்கள் காலனி. அதன் கடைசியில் ஓடு போட்ட ஜெபவீடு. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே, வயல் வேலை முடித்து வரும் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது. கேட்டதும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அப்பா கடைசிவரை கைநாட்டு. நான் பி.ஏ. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைப்பதில்லை. நான் பழைய மாடல் கிறிஸ்தவள். முக்காடு போட்டுத்தான் ஜெபிப்பேன். சினிமா பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதில்லை. சாராயமும் லாட்டரிச் சீட்டும் ஒழிய வேண்டும் என்று இடம் கிடைத்தால் பேசிக்கொண்டே இருப்பேன். காலேஜ் தோழிகள் எனக்கு வைத்த பெயர் ‘கெழவி’. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. திட்டிக் கடிதம் போடுகிறவர்களுக்கும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஓட்டுப் போட்டோமே... அந்தத் தேர்தல்.

டெல்லியில் ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்ததால் வந்த தேர்தல். அந்த ஒரு ஓட்டு எங்கள் காலனியைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பிரசாரத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள் – உன் ஒரு ஓட்டு நாட்டையே மாற்றும் என்று. போதாக்குறைக்கு, வடக்கேயிருந்து வந்த செய்திகள். ஜெபக்கூடங்கள் எரிந்தன. ஓர் ஊழியக்காரர் தன் பிள்ளைகளோடு வண்டிக்குள்ளேயே கருகிப்போனார். நான் பேப்பரைப் படித்துக் காட்டியபோது எங்கள் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இங்கேயும் வருவார்களா?

அந்த பயத்தின் நடுவில்தான் தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஜெபவீடு இருக்கும் இடம் புறம்போக்கு. பட்டா இல்லை. ஏன் அகற்றக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த இடம் அது. அப்பாவைக் கிடத்திக் கடைசி ஜெபம் செய்த இடம்.

எங்கள் பாஸ்டர் ஐயா நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏழுமலை அண்ணனிடம் போனார். வேறு யாரிடம் போவார்? அண்ணனும் முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் எம்.பி. ஜெயித்து வரட்டும், பட்டா என் பொறுப்பு என்றாராம். பதிலுக்கு ஒரே ஒரு காரியம் – சபை மொத்தமும் சத்தியம் செய்து தர வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்து வழக்கம் இது. ஊர்த்தெருவில் அம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இன்ன சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் சாமி கண்ணைக் குத்தும். அதுதான் கட்சிக்கு காரண்டி. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்தினோம் என்று கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுகிற ஊர்ப்பக்கம்தான் இதுவும் நடக்கிறது.

எங்களிடம் கற்பூரம் கிடையாதே. என்ன செய்வது?

ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஏழுமலை அண்ணன் இரண்டு பேரோடு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். கோயிலுக்குள் வருவதுபோலத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

“அந்தத் தெருவுல கற்பூரம். இங்க உங்க வேதம். நம்ம கட்சியில பாகுபாடே கெடையாது” என்றார்.

மதச்சார்பின்மைக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பிரசங்க மேடையிலிருந்த பெரிய வேதப்புத்தகத்தை எடுத்து ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அதன்மேல் வலது கையை வைத்துச் சின்னத்தைச் சொல்ல வேண்டும். ஆண்கள் முடித்தார்கள். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் என் அம்மா. அவள் விரல் நுனியை மட்டும்தான் வைத்தாள். அந்தப் புத்தகத்தை அம்மா அதுவரை தொட்டதே இல்லை. படிக்கத் தெரியாதவள் அதைத் தொடலாமா என்று அவளாகவே ஒதுங்கியிருந்தாள். முதன்முதலாகத் தொட்டது... ஓர் எம்.பி. சீட்டுக்காக.

அடுத்து நான்.

“நான் சத்தியம் பண்ண மாட்டேண்ணே.”

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“இன்னா டீச்சரம்மா, அந்தப் பக்கம் போயிட்டியா?”

“எந்தப் பக்கமும் போவல. உங்களுக்குப் போட மாட்டேன்னும் சொல்லல. சத்தியம்தான் பண்ண மாட்டேன்.”

பாஸ்டர் ஐயா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “சபைக்காகம்மா. ஒரு நிமிஷம் கை வெச்சிடு.”

“சத்தியமே பண்ணக் கூடாதுன்னு ஞாயிறு பள்ளியில நீங்கதான ஐயா சொல்லிக் குடுத்தீங்க?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர்கள் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவதாக இருந்தேன். டெல்லியில் யார் உட்கார்ந்தால் எங்கள் ஜெபவீட்டுக் கூரையின்மேல் கல் விழாது என்று நானும்தானே யோசித்து வைத்திருந்தேன்? “உங்களுக்குத்தாண்ணே என் ஓட்டு” – இந்த ஒரு வார்த்தை போதும், எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள். தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதுவும் ஒரு சத்தியம்தான்... கை வைக்காத சத்தியம்.

ஓட்டு ரகசியம் என்கிறது நாட்டின் சட்டம். ஆணையிடாதே என்கிறது என் வேதம். இரண்டும் ஒரே பக்கம் நிற்கிற சந்தர்ப்பம் ஒருத்திக்கு எத்தனை முறை வாய்க்கும்? அன்று நானும் அந்தப் பக்கம் நிற்காவிட்டால் பிறகு எப்போது நிற்பது?

ஏழுமலை அண்ணன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது. “ஒருத்தி வெக்கலன்னா சபையே வெக்கலன்னுதான் மேல சொல்லுவேன். அப்பால பட்டா கிட்டான்னு எவனும் என் வூட்டுப் படி ஏறாதீங்க.”

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நான் நடத்திவந்த ஞாயிறு பள்ளிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பக்கத்துக் கழனியில் நடவு நடந்தது. அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை.

சின்னப்பொண்ணு அக்கா – என் வகுப்பில் தன் பெயரை முதலில் எழுதியவள் – அவள் மட்டும் நேராக வந்து கேட்டாள். “கை வெச்சா இன்னா, கை தேஞ்சா பூடும்? உன் ஒருத்தி கவுரவத்துக்கு எங்க ஜெபவூட்ட இடிச்சிக்கினு போவட்டுமா?”

நியாயமான கேள்வி. என் மனசாட்சி சுத்தமாக இருப்பதற்கு எல்லோரும் ஜெபிக்கிற கூரையை விலையாகக் கொடுக்கலாமா? இது பக்தியா... பட்டம் வாங்கியவளின் தலைக்கனமா? முழங்காலில் நின்று ஆண்டவரிடமும் இதையே கேட்டேன்.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். “அவனுக்குப் போட எனக்கு மனசே இல்ல பாப்பா. ஆனா வேதத்து மேல கை வெச்சிட்டேனே. மாத்திப் போட்டா உனக்கு எதுனா ஆயிடுமா?”

அவளுக்கு இல்லை. எனக்கு! பயம் அங்கேதான் இருந்திருக்கிறது.

மிரட்டி வாங்கின சத்தியம் செல்லாது, போம்மா என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. சத்தியம் செய்யாதே என்கிற அதே வேதம்தானே, கொடுத்த வாக்கை நஷ்டப்பட்டாலும் காப்பாற்று என்றும் சொல்கிறது? எனக்குப் பிடித்த வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நான் யார்?

“மீறச் சொல்ல மாட்டேம்மா. போடுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஒண்ணும் ஆவாது. ஆண்டவர் எந்தக் கட்சிக்கும் ஏஜெண்ட் இல்ல.”

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். நான் படித்த பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. தள்ளியிருந்த புளியமரத்தடியில் மேசை போட்டு ஏழுமலை அண்ணன் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் எழுதினார். “பேரு சரியா எழுதிக்கீதான்னு பாத்துக்கோ. படிச்சவ” என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் வரிசையில் நின்ற நேரம் முழுவதும் அவர் கண் என் முதுகில்தான் இருந்தது.

அட்டை மறைவுக்குள் நான், ஓட்டுச்சீட்டு, ரப்பர் முத்திரை. வேறு யாரும் இல்லை. கற்பூரம் இல்லை, ஸ்டூல் இல்லை. குத்தினேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். முன்பே நினைத்திருந்த கட்சிக்கா? கோபத்தில் மாற்றிவிட்டேனா? உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அம்மா யாருக்குப் போட்டாள்? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ரகசியங்கள்... எங்கள் குடும்பத்துக்கு இது புதுசு.

ஓட்டு முடிந்தது. நோட்டீஸ் முடியவில்லை. பதில் சொல்லக் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன் பாஸ்டர் ஐயாவைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார். ஜெபிப்போம் என்றார் ஐயா. ஜெபித்தோம். கண்ணைத் திறந்து பார்த்தபோதும் நோட்டீஸ் அங்கேயேதான் இருந்தது.

ஜெபிப்பதில் எனக்கு இருக்கிற நம்பிக்கையை இந்தப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். ஆனால் ஜெபம் முடிந்ததும் கை சும்மா இருக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? அன்றே உட்கார்ந்து மனு எழுதினேன். எவ்வளவு காலமாக ஜெபிக்கிறோம், வீட்டுவரி கட்டுகிறோம், கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது... ஆகவே பட்டா தாருங்கள். யார் சிபாரிசும் இல்லாமல், எந்தச் சின்னமும் இல்லாமல்.

அடுத்த சனிக்கிழமை, யாரும் வராத வகுப்பை வழக்கம்போலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். சின்னப்பொண்ணு அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னாமோ எழுதிக்கினு கீறியாமே. எங்க பேரெல்லாம் போட்டியா?”

“நான் எழுதக் கூடாதுக்கா. அவங்கவங்கதான் எழுதணும்.”

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். போனவள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். சிலருடைய எழுத்து மலை ஏறியது. சிலருடையது பள்ளத்தில் இறங்கியது. என் அம்மா பெயர் மேரி. என் வகுப்பில் அவளும் கற்ற இரண்டே எழுத்து. பேனாவை வாங்குவதற்கு முன் கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். இந்த முறை உள்ளங்கை முழுவதையும் காகிதத்தில் ஊன்றிக்கொண்டாள். கடைசியாக வந்த பாஸ்டர் ஐயா மனுவை முழுசாகப் படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. “பேனா குடும்மா” என்றார்.

போன திங்கட்கிழமை, மாகறல் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் காஞ்சிபுரம் போனேன். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். துணைக்குச் சின்னப்பொண்ணு அக்கா. கொடுத்தோம். ரசீது வாங்கினோம். பட்டா கிடைக்குமா? தெரியாது. டெல்லியில் யார்? பெட்டியே இன்னும் திறக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது டீக்கடை பெஞ்சில் ஏழுமலை அண்ணன். பெண்கள் இரண்டு பேரும் காலையிலேயே எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு அக்கா முந்திக்கொண்டாள்.

“கலெக்டருக்கு லட்டர் குடுத்துட்டு வரோம்பா.”