முன்பக்கம் திறக்கும் கவுன்

லோர்னாவும் நானும் பாத் நகரத்தில் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. செப்டம்பர் வந்தால் எங்கள் ஊரில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்புகளில் ஊர்வலம் போவார்கள். அவளுடைய அக்கா வெரிட்டியின் குழுவில் நான்கு பெண்கள். மூவர் சீமாட்டிகள், லோர்னா மட்டும் வேலைக்காரி. பதினோரு வருஷமாக அதே பழுப்புக் கவுன், அதே ஏப்ரன்.

சீமாட்டிகளின் கவுன்களுக்கு முதுகில்தான் நாடாவும் கொக்கியும். யாராவது கட்டிவிட்டாக வேண்டும்.

"இந்த வருஷம் நானும் சீமாட்டியா வரேன்" என்று ஜனவரியில் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

"தாராளமா வா. உனக்கு யாரு கட்டிவிடுவா? உனக்குன்னு வேலைக்காரியா இருக்கா?"

மறுநாள் கடையில் டீ நேரத்தில் லோர்னா தன் திட்டத்தை வரைந்திருந்த ஒரு நோட்டை என்னிடம் காட்டினாள். ஒரே ஒரு வெள்ளை மஸ்லின் கவுன். மார்புத்துண்டு முன்னால் கீழே மடிந்து திறக்கும். தூக்கித் தோளில் குண்டூசி குத்தினால் முடிந்தது. அந்தக் காலத்திலும் ஆள்துணை இல்லாதவர்கள் அப்படித்தான் போட்டிருந்தார்களாம். உள்கச்சுக்கும் முன்பக்கமே முடிச்சு. காலையில் கழுத்தை மறைக்க ஒரு லேஸ் துணி, வெளியே போக நீலக் குட்டைச் சட்டை, குளிருக்கு நீள மேலங்கி, இரவு விருந்துக்கு மேலே போட ஒரு பட்டு அங்கி. எல்லாம் வெள்ளைக்கும் நீலத்துக்கும் பொருந்தும் நிறம். ஐந்தே உருப்படி, மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு விதம்.

எட்டு மாதம் தைத்தாள். தனியாக உடுத்திப் பழகி, பதினோரு நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஊர்வலத்தன்று காலை வெரிட்டி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். படம் எடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடியிலிருந்து லோர்னா வெள்ளையும் நீலமுமாக இறங்கி வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அடேங்கப்பா! அதுக்குள்ள ரெடியாயிட்டியா?" என்றாள் வெரிட்டி. "நல்லதாப் போச்சு. எங்க மூணு பேரையும் நிதானமாக் கட்டிவிடலாம். வா வா."

நாடா கட்ட முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

லோர்னா நாடாவைக் கையில் எடுத்தாள். "உனக்கும் முன்னாடி திறக்கிற மாதிரி ஒண்ணு தைச்சுத் தரட்டுமா, வெரிட்டி?"

"எனக்கு எதுக்கு? அதான் நீ இருக்கியே."

மற்ற இருவரும் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். எனக்கும் கொக்கி மாட்டத் தெரியும். அடுத்தவர் குடும்பத்தில் நாம் எதற்கு என்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முதுகு முடிவதற்குள் வெளியே முரசு கொட்டத் தொடங்கிவிட்டது. சீமாட்டிகள் முன்னால் ஓடினார்கள். திடீரென்று வெயில் ஏறியதால், போகிற போக்கில் மூவரும் தங்கள் சால்வைகளை லோர்னாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

அன்று நான் எடுத்த படங்களில் லோர்னாவின் நீலச் சட்டைக் காலர் மட்டும்தான் தெரிகிறது. மீதியைச் சால்வைகள் மறைத்துவிட்டன.