லாங் ஐலண்டில் பறித்த சேம்பு

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் காட்டிலாகா குமாஸ்தா வேலை. போர்ட் பிளேரில் போட்டிருந்தாலாவது நாலு தமிழ்க் கடை, ஒரு கோயில் என்று இருந்திருக்கும். அவரைக் கொண்டுபோய் லாங் ஐலண்டில் போட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஒரு பகல் முழுக்கப் படகில் போக வேண்டிய சின்னத் தீவு. மரம் அறுக்கிற இடம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வரிசையாகப் பலகை வீடுகள், சுற்றிக் காடு, அதைச் சுற்றிக் கடல். அவ்வளவுதான் ஊர்.

எனக்கு இருபத்திமூன்று வயது, மகளுக்கு மூன்று. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். புளி, வத்தல், அப்பளம், மல்லி, நல்லெண்ணெய் என்று இரண்டு தகரப் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். அந்த ஊர்ச் சாப்பாட்டில் ஒரு பருக்கை என் வாயிலும் பிள்ளை வாயிலும் படாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அப்படி ஒரு திமிர்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வங்காளிக் குடும்பம். புருஷன் மரம் அறுக்கிற இடத்தில் வேலை. பெண்டாட்டிக்கு என் வயதுதான் இருக்கும், இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. நாங்கள் போய் இறங்கிய இரண்டாம் நாளே ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றதால் வாங்கிக்கொண்டேன். அவர் தலை மறைந்ததும் கொல்லையில் கொட்டினேன். கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்து, அவள் வாசல் படியில் வெறுமனே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்ப மாட்டோம், ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுப்போம். அது தெரிந்தேதான் அப்படி வைத்தேன்.

அவள் அதை மனசில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் பப்பாளி நீட்டினாள், தலையாட்டி மறுத்தேன். இன்னொரு நாள் என் மகள் அவள் வீட்டுத் தின்பண்டம் எதையோ மென்றுகொண்டு வந்தாள். வாயைத் திறந்து பார்த்தால் வெறும் பொரி. நம் ஊரில் பூஜைக்கு வைக்கிற அதே பொரி. மீன் புழங்குகிற வீட்டுப் பொரி என்று பிள்ளையை முதுகில் நாலு வைத்து, கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலைக்கு ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த மழையில் கப்பல் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. தகரப் பெட்டிகள் காலி. புளி போன பிறகு எனக்குச் சமையலே மறந்துபோன மாதிரி ஆயிற்று. சோறும் உப்பும், சோறும் உப்பும். பிள்ளை தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தாள், கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தில் பருப்பு கேட்டால் கொடுப்பார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். மரம் அளக்கும் முகாமுக்கு நாலு நாள் புறப்பட்ட அன்று வாசலில் நின்று, "ஒன் வீம்புக்குப் பிள்ளையைப் பட்டினி போடாதட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலையில்தான் கொல்லைப்புற ஓடையோரம் அந்தச் செடியைக் கண்டேன். சேம்பு! யானைக் காது மாதிரி இலை. எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் நிற்குமே, அம்மா குருத்திலையைப் பறித்துப் புளிக்கறி வைப்பாளே, அதேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இத்தனை மாதத்தில் அந்தத் தீவில் நான் கண்ட முதல் சொந்தக்காரி அந்தச் செடிதான் என்று தோன்றிற்று.

நான் பறிப்பதை வேலிக்கு அப்பாலிருந்து அவள் பார்த்துவிட்டாள். என்னவோ கத்தினாள். நிமிர்ந்தால், இரண்டு கையாலும் தன் தொண்டையைப் பிடித்துக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்குப் புரியாமலில்லை. சேம்பு அரிக்கும் என்கிறாள். மீன் தின்கிறவள் எனக்கு இலைக்கறி சொல்லித் தருகிறாளாக்கும் என்று முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனேன். சேம்பின் அரிப்பை எடுக்கிறதே புளிதான், அது இல்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதுவும் உண்மை. நன்றாக வேகவைத்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கறி வாசனையைக் கண்டதும் பிள்ளை தானாக வந்து உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் 'ஆ' என்று வாயைத் திறந்தாள். இரண்டு கவளம் ஊட்டினேன். மூன்றாவது கவளத்தை உருட்டும்போது வீறிட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நாக்கை விரலால் பிறாண்டினாள். எச்சில் ஒழுகி நெஞ்செல்லாம் நனைந்தது. உப்பு கூடிப்போயிற்றோ என்று நானும் ஒரு வாய் போட்டேன். நூறு ஊசியை ஒரே நேரத்தில் தொண்டையில் குத்தின மாதிரி இருந்தது.

அது எங்கள் சேம்பு இல்லை. இலைதான் அதே இலை. செடி வேறு, காட்டுச் செடி.

புளி இல்லை, எலுமிச்சை இல்லை, மோர் இல்லை. அந்தத் தீவில் பசும்பாலைக் கண்ணால் பார்க்க முடியாது, பால்பவுடர் டப்பாவும் காலி. தண்ணீரைப் புகட்டினால் வெளியே வழிந்தது. நாக்கு தடித்து உதட்டுக்கு வெளியே வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்கிற இடத்துக்கு ஓடினேன். தீவில் டாக்டர் கிடையாது, ஒரு கம்பவுண்டர்தான். அவரும் ஒரு பிரசவத்துக்காகப் படகில் பக்கத்துத் தீவுக்குப் போயிருக்கிறார், திரும்பச் சாயங்காலம் ஆகும் என்றார் காவல்காரர். அப்போது மணி பத்துகூட இருக்காது.

திரும்பி ஓடி வரும்போது பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரிக் கீச்சென்று இழுத்துக்கொண்டு வந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்றால் என் தொண்டையும் வீங்கிக் குரலே எழும்பவில்லை. என் பிள்ளை என் தோளிலேயே போய்விடும் என்று நினைத்தேன். பெற்றவள் கையாலேயே ஊட்டிக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் வேலியைத் தாண்டி வந்தே விட்டாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த தன் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு என் மகளைப் பிடுங்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் தலையைக் குனிய வைத்து, சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்துத் துடைத்து எடுத்தாள். பிறகு வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "தூத்?" என்று கேட்டாள். பால் இருக்கிறதா என்கிறாள். நான் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் கை தன் ரவிக்கைக்குப் போயிற்று. போனது அப்படியே நின்றது. என் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற இந்தியில், எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"தீதி, நான் காலையிலகூட மீன் தின்னேன். கொடுக்கட்டுமா?"

என் பிள்ளையின் தலையை என் கையாலேயே பிடித்து அவள் மார்போடு சேர்த்து வைத்தேன்.

பிள்ளையால் சப்ப முடியவில்லை. அவள் பீய்ச்சி விட்டாள். முதலில் எல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி, துடைத்துவிட்டு மறுபடி. எவ்வளவு நேரமோ தெரியாது. தரையில் அவள் குழந்தை பசியில் அலறியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினேன். அந்தக் குழந்தையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டத்தில் என் மகளின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள். இன்னொரு சொட்டு. அதையும் விழுங்கினாள். மெதுவாக அந்த விசில் சத்தம் தேய்ந்தது. பிறகு ஈனக்குரலில் அழ ஆரம்பித்தாள். பிள்ளை அழுகிறாளே என்று அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் கம்பவுண்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வீக்கம் வடிகிறது, பயமில்லை என்றார். அவர் போகிறவரை அவள் என் வீட்டைவிட்டு நகரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் செடியை வேரோடு வெட்டிப் போட்டார். அவர் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் மீன் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் பொய். இன்றுவரை சைவம்தான். ஆனால் அவள் வீட்டில் தரையில் உட்கார்ந்து பருப்பும் சோறும் சாப்பிட்டேன், பப்பாளியும் பொரியும் தின்றேன். கப்பல் வந்து புளி கிடைத்த அன்று முதல் குழம்பை ஒரு கிண்ணம் நிறைய அவளுக்குத்தான் கொண்டுபோனேன். அவள் அதில் பொரித்த மீனைப் போட்டுப் பிசைந்து என் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

என் மகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவள் பிழைத்ததை நினைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அதைவிட அந்தக் கேள்விதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளை மடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதுகூட அவளுக்கு என் ஆசாரத்தைக் கேட்டுக்கொள்ளத் தோன்றியது. அவள் படியில் நான் வைத்த அந்த வெறும் கிண்ணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது.