முறிகண்டியில் நிற்காத லொறி

எங்கள் வீட்டில் அப்பாமீது முதலில் சந்தேகப்பட்டவர் அம்மா அல்ல, நான்தான். காரணம் கச்சான்.

அப்பா கிளிநொச்சியில் ஒரு சரக்குக் கொம்பனியில் லொறி ஓட்டினார். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் சீமெந்து, கோதுமை மா மூட்டை, சோடாப் பெட்டி என்று கடைக்காரர்கள் கேட்டதை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. அந்த வீதியில் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவதில்லை. சாரதிகள் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், திருநீறு பூசுவார்கள், பக்கத்துக் கடைகளில் வறுத்த கச்சான் கடலை வாங்குவார்கள். அதன் பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். சிலுவை தொங்கவிட்ட வேதக்காரச் சாரதிகள்கூட அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவும் ஒவ்வொரு பயணத்திலும் கச்சான் சுருளோடுதான் எங்கள் ஊரான தர்மபுரத்துக்கு வருவார். அவர் படலையைத் திறக்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை. சேட்டுப் பையைத்தான் பார்ப்பேன்.

அந்த ஆவணி மாதம் சேட்டுப் பை தட்டையாகவே வந்தது. மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நெற்றியைப் பார்த்தேன். அங்கே திருநீறும் இல்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவின் பள்ளிக்கூடம் இடம்பெயர்வுகளில் கரைந்து போனது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து முடிக்கப்போகிற ஆள் நான்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். மற்றவர்களுக்கும் அதை அடிக்கடி தெரியப்படுத்துவேன். ஆகவே கச்சான் விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது ஒரு பிள்ளையின் முறைப்பாடாகச் சொல்லவில்லை, கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அம்மா என்னை அதட்டினார். ஆனால் அன்றைக்கு அப்பாவின் சேட்டைத் தோய்க்கும் முன் முகர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அதில் ஏதோ பச்சிலை எண்ணெயின் மணம் இருந்தது.

அந்தக் கிழமையே மாமா வந்தார். அம்மாவின் தமையன். அதே கொம்பனியில் நீண்ட காலமாக லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அப்பாவை முதலாளியிடம் கூட்டிக்கொண்டுபோய் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். மாமா கதிரையில் இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, உன்ரை மனிசன் இப்ப முறிகண்டியிலை நிக்கிறேல்லை."

நேரம் போதாமல் இருந்திருக்கும் என்று அம்மா இழுத்தார்.

"நேரமில்லாத ஆள் புளியங்குளத்திலை நெடுங்கேணி றோட்டுக்குள்ளை என்னத்துக்குத் திரும்புறார்? ஒரு வீட்டு வாசல்லை லொறி நிக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான். அது ஒரு பொம்பிளை தனிய இருக்கிற வீடு."

பிறகு மாமா குரலைத் தாழ்த்தி மற்றவற்றைச் சொன்னார். லொறிக்கு உதவியாள் வேண்டாம், தனியாகவே ஓடுகிறேன் என்று அப்பா முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாராம். எந்தச் சாரதி உதவியாளை வேண்டாம் என்பான்? கூட ஓர் ஆள் இருந்தால் அவனுக்கும் கண் இருக்குமே. மனதில் கள்ளம் உள்ளவனுக்குப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கக் கால் வராது என்பது மாமாவின் கணக்கு. எண்ணெய் மணத்தைப் பற்றி அம்மா வாய் தவறிச் சொன்னதும் மாமாவுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. வசியம். அந்தப் பெண் எண்ணெயில் ஏதோ செய்து பூசுகிறாள். அப்படியான பெண்கள் முதலில் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்களாம், அப்படித்தான் தொடங்குமாம்.

மாமா போன பிறகு அம்மா வெகுநேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பு ஏற்கனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார். லொறியில் போக ஆசையாக இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார். போகிற வழியில் அப்பா எங்கே நிற்கிறார், யாரோடு கதைக்கிறார் என்று பார்த்துவர வேண்டும். யாருக்கும் சொல்லக்கூடாது. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போக மறுத்தார். வெயில் என்றார். லொறி குலுக்கும் என்றார். முதலாளி ஏசுவார் என்றார். மூன்றையும் மனதில் பதித்து வைத்தேன். பரீட்சை எழுதின பிள்ளையின் ஒரு ஆசையையும் நிறைவேற்ற மாட்டீர்களா என்று அம்மா கேட்ட பிறகுதான் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

காலையில் கொம்பனி வளவில் ஏறினோம். வெறும் லொறி, வவுனியாவில் சீமெந்து ஏற்றித் திரும்ப வேண்டும். நான் அப்பாவைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு வந்தேன். அவரிடம் எல்லாமே சந்தேகமாக இருந்தது. வழக்கமாக லொறியில் பாடிக்கொண்டு போகிறவர் என்று மாமா சொல்லியிருக்கிறார். அன்று பாட்டு இல்லை. மாடு குறுக்கே வந்து வேகம் குறைத்துக் கியர் மாற்ற வேண்டி வரும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்தார். எதையோ சொல்ல வந்து அடக்குகிறார் என்று எண்ணிக்கொண்டேன். நெற்றியில் வியர்வை ஓடியது. யன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன, நல்ல காற்று.

முறிகண்டியில் எங்கள் கொம்பனி லொறி ஒன்று நின்றது. அதன் சாரதி தேங்காய் உடைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அப்பா ஹோனை அடித்துவிட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து எடுத்து, நிற்காமலே போனார்.

ஏன் அப்பா நிற்கவில்லை என்று கேட்டேன்.

"பிந்திப் போச்சு, குஞ்சு."

ஆனால் புளியங்குளத்தில் அவருக்குப் பிந்தவில்லை. சந்தியில் இடப்பக்கம் திரும்பி, நெடுங்கேணி வீதியில் கொஞ்சத் தூரம் போய், ஒரு பாலை மரத்தின் கீழ் லொறியை நிறுத்தினார். மரத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் கொடியில் நீளநீளமாகக் கிழித்த வெள்ளைத் துணிகள் காய்ந்தன. என்னைக் கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லி ஒரு பிஸ்கட் பக்கற்றைத் தந்தார். பிறகு கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கள்ளன் இறங்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கினார்.

ஒரு பெண் வெளியே வந்தார். அம்மாவைவிட வயது கூடியவர், மெலிந்தவர். அழகானவராக இருப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"இண்டைக்கு வரமாட்டியள் எண்டு நினைச்சன், அண்ணை," என்றார். பிறகு லொறிக்குள் என்னைக் கண்டுவிட்டு, "உதென்ன, பிள்ளையையும் கூட்டிக்கொண்டே வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அண்ணை. மாமா சொன்னது அப்படியே நடந்தது.

அவர்கள் உள்ளே போனதும் நான் மறுபக்கத்தால் இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்பக்க யன்னலுக்குப் போனேன். உள்ளே அப்பா மர வாங்கிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். அந்தப் பெண் தரையில் இருந்தார். அப்பாவின் கால் அவர் மடியில் கிடந்தது. அடுப்பில் கறுத்த எண்ணெய், தட்டில் அரைத்த இலை. எண்ணெயில் துணியைத் தோய்த்து அந்தக் காலை மெல்ல மெல்லத் துடைத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. சாவீட்டில்கூட அழாத அப்பா ஒரு வேற்றுப் பெண்ணுக்கு முன்னால் அழுவதைப் பார்த்தபோது, வசியம் என்பது எவ்வளவு பலமானது என்று எனக்கு விளங்கியது.

நான் ஓடிவந்து லொறியில் ஏறி இருந்தேன். சிறிது நேரத்தில் அந்தப் பெண் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். எந்த வகுப்பு என்று கேட்டார். அப்பாவைப் போலவே பிடிவாதமான முகம் என்று சொல்லிச் சிரித்தார். அவர் திரும்பியதும் தேநீரை லொறியின் மறுபக்கத்துச் சில்லின்மேல் ஊற்றினேன்.

பெரிய வீதிக்கு ஏறியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இதை அம்மாட்டைச் சொல்ல வேண்டாம், என்ன?" என்றார். ஏன் என்று கேட்டேன். அது பெரிய ஆட்களின் அலுவல் என்றார். இதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்து, குசினியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல, ஒன்றும் விடாமல். முறிகண்டி, உதடு, வியர்வை, கள்ளன்போல் இறங்கியது, அண்ணை. அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். கால் மடியில் கிடந்தது என்றதும் கத்தி நின்றது.

"எந்தக் கால்?"

நான் யோசித்தேன். இடது கால் என்றேன்.

"இடதோ? வடிவாச் சொல்லு. துணி சுத்தினவாவோ?"

சுற்றினார், நீளத் துணி, என்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு மீன் கையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது போலவும் இன்னொன்று ஏறியது போலவும் இருந்தது. அன்று பின்னேரம் அவர் அப்பாவோடு சண்டை பிடிக்கவில்லை. உப்பை வறுத்து ஒரு துணியில் கட்டி, அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். உள்ளே வெகுநேரம் குசுகுசுத்தார்கள். ஒரு தரம் அம்மா சிரித்ததும் கேட்டது. வசியம் அம்மாவுக்கும் தொற்றிவிட்டதோ என்று பயந்தேன்.

அப்பாவின் அந்தக் காலைப் பற்றி, நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள்தான் அம்மா எனக்குச் சொன்னார். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் அப்பாவின் இடது கெண்டைக்காலில் ஷெல்லின் இரும்புத் துண்டொன்று போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அப்படித் துண்டு சுமக்காத உடம்பு குறைவு, அதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த வருடம் அது உள்ளே அசைந்து, கால் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. அம்மா பயப்படுவார் என்று அப்பா வீட்டிலும் அதைச் சாரத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். கிளச்சை மிதிக்கிற கால் அது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டி எடுத்து மாதக்கணக்கில் படுக்கச் சொல்வார்கள், லொறி வேறொருவர் கைக்குப் போய்விடும். முறிகண்டியில் இறங்கினால், நொண்டுவதைக் கொம்பனிச் சாரதிகள் காண்பார்கள். உதவியாள் இருந்தால், அவன் முதலில் காண்பான். புளியங்குளத்துப் பெண்ணின் தகப்பன் எலும்பு முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியர், மகளுக்கும் அந்தக் கைப்பக்குவம் இருந்தது. துண்டு மாரி மழைக்கு முன் தானாகவே மேலே வந்து விழுந்ததாம். அப்பா இன்றும் அதே கொம்பனியில்தான் ஓட்டுகிறார், நான் அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன். சீழ் பிடித்த காலோடு ஒருவர் லொறி நிறையச் சீமெந்தை ஓட்டியது சரியா என்று யாராவது கேட்டால், என் படிப்பில் அதற்கு விடை இல்லை.

மாமாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம்தானே என்று அம்மாவைக் கேட்டேன். மாமா நல்லவர், அதுதான் பிரச்சினை என்றார். முதலாளி கேட்டால் தமையன் பொய் சொல்ல மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, விசாரித்தாயா என்று கேட்டபோது, அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டதுதான்.

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னது சரி. அங்கை ஒருத்தி இருக்கிறாள்."

மாமா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவனுடைய காலை முறித்துப்போடுகிறேன் என்று கிளம்பினார்.

"கால்லை தொடாதேங்கோ அண்ணை," என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் லொறி ஓட்டினால்தானே எங்களுக்குச் சோறு. முதலாளியிட்டையும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. என்ரை தலைவிதி, நான் சமாளிக்கிறன்."

சொல்ல வேண்டாம் என்றால் மாமா எத்தனை பேரிடம் சொல்வார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிழமைக்குள் கொம்பனி முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலாளி சிரித்தாராம். சரக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அவருக்குப் போதும். சாரதிகள் அப்பாவின் லொறி புளியங்குளத்தில் திரும்புவதைப் பார்த்துக் கண்ணடித்தார்கள், நடையை ஒருவரும் பார்க்கவில்லை. உதவியாளை ஏன் வேண்டாம் என்றார் என்பதற்கும் எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. மாமா மட்டும் இன்றுவரை அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் ஊருக்கும் கதை வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நின்ற பெண்கள் எங்களைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் கிட்ட வந்து அம்மாவின் கையைத் தடவி, ஆம்பிளைகள் எல்லாம் இப்படித்தான், பிள்ளையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள் என்றார். அம்மா தலையைக் குனிந்து, "என்ன செய்யிறது," என்று மெல்லச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்டுபிடித்தது நான். ஆதாரம் கொண்டுவந்தது நான். இவ்வளவுக்குப் பிறகும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், ஊர் முழுக்கப் பரிதாபப்பட விட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு நிற்கிறாரே இந்த அம்மா. படிக்காததால்தான் இப்படி என்று முடிவு செய்தேன். அவருடைய கையை உதறிவிட்டு வேகமாக முன்னால் நடந்தேன். அப்படி ஓர் அம்மாவோடு சேர்ந்து பள்ளிக்கூட வாசலுக்குள் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

வாய்க்கால் வளைவு தாண்டியதும் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தார். வீதியில் வேறு யாரும் இல்லை. அம்மா நிமிர்ந்து, கையை வீசி, ஏதோ திருவிழாவுக்குப் போகிறவர்போல நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அதை அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.