இடது கையின் நீலத் தீற்றல்

வெர்னா கெம்மரருக்குக் கையெழுத்துகள் மனித முகங்களைப் போல. தலைகீழாகக் காட்டினாலும், காபி கொட்டிய தாளில் காட்டினாலும், இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு வீரனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவனுக்குக் கட்டைவிரல்ல அடி பட்டிருக்கு, டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் கீறல். பென்சில்வேனியாவின் அந்த மூலையில் பாதிப் பேர் இந்தக் கதையை நம்புவதில்லை. மீதிப் பேர் டாக்டரின் பெயர், அவர் அன்று போட்டிருந்த டை நிறம் வரைக்கும் சொல்வார்கள்.

அவள் வேலை பார்த்தது பிளம் கிரீக் கார்டு கம்பெனியில். பழைய காலுறை மில்லின் இரண்டாவது மாடி. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளைப் பாக்கெட்டில் அடைத்து விற்பார்கள். எங்கோ ஒரு பாக்கெட்டில் வீரனே தன் கையால் கையெழுத்துப் போட்ட அட்டை இருக்கும். ஜனங்கள் பாக்கெட் வாங்குவது அந்த ஒன்றுக்காகத்தான். ஆனால் வீரர்கள் அட்டையைத் தொடுவதே இல்லை. கண்ணாடி போன்ற ஸ்டிக்கர் தாள்களை வெர்னா ஒரு பெட்டியில் அடுக்கி, நாலு நீலப் பேனாவும் வைத்து அவர்கள் வீட்டுக்கு அனுப்புவாள். போட்டுத் திருப்பி அனுப்பினால் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள்.

அனுப்பினால். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொள்கிற கைக்கு, ஸ்டிக்கர் என்றதும் வாதம் வந்துவிடும். ஒருவன் பெட்டியை நாய் தின்றுவிட்டது என்றான். பெட்டியின் எடை பதினோரு பவுண்டு, நாயின் எடை ஒன்பது. இன்னொருவன் மணிக்கட்டு வலி என்று சொன்ன அன்று மாலையே டிவியில் கோல்ஃப் ஆடினான். கையெழுத்து வராவிட்டாலும் பாக்கெட் அச்சாகி வெளியே போயாக வேண்டும். அப்போது கம்பெனி அதற்குள் ஒரு வாக்குறுதி அட்டையை வைக்கும்: 'இதை எங்களுக்கு அனுப்புங்கள், கையெழுத்திட்ட அட்டை உங்களைத் தேடி வரும்.' தேடி வராதபோது ஜனங்கள் கடிதம் எழுதுவார்கள். கடிதங்கள் எல்லாம் வெர்னாவின் மேஜைக்கு வரும்.

கர்ட்டிஸ் ராபனோல்ட் விஷயத்தில் மட்டும் வெர்னா கவலைப்படவில்லை. பேஸ்பாலில் பந்து வீசுகிறவன், இடது கைக்காரன், உள்ளூர்ப் பையன். கார்டு கம்பெனிக்கு வருமுன் வெர்னா பதினெட்டு வருஷம் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவன் அதில் கடைசி இருக்கைக்காரன். ஒருநாள் பின்கண்ணாடியைப் பந்தால் உடைத்தான். உண்மை தெரிந்தால் பள்ளி அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்பதால், மரக்கிளை அடித்தது என்று தலைமையாசிரியரிடம் வெர்னா எழுதிக் கொடுத்தாள். மறுநாள் ஓட்டுநர் இருக்கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு கேக் இருந்தது, நடுவில் கிரீம் வைத்த ஊப்பி பை. யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கம்பெனி அவனோடு ஒப்பந்தம் போட யோசித்தபோது மேலாளர் லெஸ்டர் டீட்டர் கேட்டார்: "இவன் ஒழுங்காப் போட்டுக் குடுப்பானா வெர்னா?"

"என் பஸ்ல வந்த பையன். நான் சொல்றேன், போடுவான்."

முதல் வருஷம் அவள் மேஜையிலேயே உட்கார்ந்து போட்டான். இடது கைக்காரன் எழுதும்போது கை பேனாவுக்குப் பின்னாலேயே வரும். வழுக்கும் ஸ்டிக்கரில் மை காய்வதற்குள் உள்ளங்கை அதை இழுத்துவிடும். அதனால் அவன் கையெழுத்து ஒவ்வொன்றிலும் வலப்பக்கமாக ஒரு நீலத் தீற்றல், வால் நட்சத்திரம் மாதிரி. லெஸ்டர் அவற்றைக் கழிக்கப் பார்த்தார். "அது அழுக்கு இல்ல லெஸ்டர். அதுதான் அவன்" என்று வெர்னா சண்டை போட்டு எல்லாவற்றையும் காப்பாற்றினாள்.

இரண்டாவது வருஷம் பெட்டி அவன் வீட்டுக்குப் போனது. திரும்பவில்லை. மூன்றாவது வருஷமும் வரவில்லை. இடையில் அவன் பெரிய அணிக்குப் போய்விட்டான். வெர்னா போன் செய்தால், "இந்த வாரம் கண்டிப்பா, மிஸஸ் கே" என்பான். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கேள்வி எல்லாம் மறந்துபோகும். வாக்குறுதி அட்டைக்காரர்களுக்கு அச்சடித்த பதில் அனுப்பும்போது, ஒவ்வொன்றின் கீழும் தன் கையால் ஒரு வரி சேர்ப்பாள்: 'இந்தப் பையனை எனக்குத் தெரியும். போட்டுத் தருவான். - வெர்னா.'

அந்த வரிக்கு விடாமல் பதில் எழுதியவர் ஒருவர்தான், அயோவாவில் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வில் ட்யாடன். மாதம் ஒரு தபால் அட்டை. 'இங்கே ஆலங்கட்டி மழை. என் கொட்டகைக் கூரை பக்கத்துப் பண்ணைக்கு விருந்துக்குப் போயிருக்கிறது. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். உங்கள் பையன் எப்படி இருக்கிறான்?' வெர்னா சிரிப்பாள், பதில் எழுதுவாள். முடிவில் அதே வரி.

நாலாவது வருஷம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது.

வெர்னா அதைப் பிரிக்கும் முன்பே பேக்கரிக்கு ஓடிப்போய், மாடியில் உள்ள எல்லோருக்கும் ஊப்பி பை வாங்கி வந்தாள். ஒட்டுகிற பெண்கள் சுற்றி நின்றார்கள். "உன் ராஜகுமாரன் கடைசியில கல்யாணத்துக்குச் சம்மதிச்சுட்டானா?" என்றாள் ஒருத்தி. வெர்னா முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டாவதை எடுத்தாள். பிறகு அடியிலிருந்து ஒன்றை உருவினாள்.

அத்தனையும் சுத்தம். வளைவுகள் அவனுடையவை மாதிரியே இருந்தன, முதல் எழுத்தின் கொக்கியும் சரி. நீலத் தீற்றல் மட்டும் ஒன்றில்கூட இல்லை.

"என்ன வெர்னா, முகம் மோர் மாதிரி புளிச்சுப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. கேக்கைத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லெஸ்டர் அறைக்குப் போனாள்.

லெஸ்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவனே போட்டதா எழுதிக் குடுத்திருக்கான். சரிபார்த்தேன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு, ஒட்டி அனுப்பிடலாம். மூணு வருஷமா அந்த ஜனங்க என் உயிரை எடுக்கறாங்க."

"வலது கையால போட்டது லெஸ்டர் இது."

"உன்னைத் தவிர இந்த உலகத்துல யாருக்குத் தெரியும்?"

அவள் பெட்டியைக் காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினாள். கர்ட்டிஸின் புது வீடு குன்றின்மேல் இருந்தது. கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தால் தீயணைப்பு நிலையம் என்று நினைக்கத் தோன்றும். விளையாட்டுப் பருவம் முடிந்துவிட்டதால் அவன் வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்ததும் அவளைத் தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மிஸஸ் கே! உள்ள வாங்க. பர்ச் பியர் சோடா குடிக்கிறீங்களா? நம்ம ஊர்க் கடைதான், பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருக்கேன்."

வெர்னா சமையலறை மேஜையில் ஒரு வெற்று ஸ்டிக்கர் தாளையும் பேனாவையும் வைத்தாள். "ஒண்ணு போடு தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே போட்டான். உள்ளங்கை ஈர மையை வலப்பக்கம் இழுத்தது. அதன் பக்கத்தில் பெட்டியிலிருந்து எடுத்த தாளை வைத்தாள். அவன் இரண்டையும் பார்த்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் உதட்டில் நின்றுவிட்டுத்தான் போனது.

"ஷானுக்கு நல்ல கை" என்றான். "என் பொண்டாட்டியோட தம்பி. ரெண்டு நாள் உக்காந்து பழகினான். எனக்கே வித்தியாசம் தெரியல."

"நேரம் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமே. நான் பெட்டியோட வந்து உன் பக்கத்துல உக்காந்திருப்பேனே. எத்தனை நாள் ஆனாலும்."

"அதான் மிஸஸ் கே, உங்களுக்குத் தொல்லை வேண்டாம்னு." அவன் பர்ச் பியரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அவள் பக்கம் தள்ளினான். "வேற யார் கைக்காவது போறதா இருந்தா நான் பயந்திருப்பேன். உங்க கைக்குத்தான் வரும்னு தெரியும். கண்டுபிடிச்சாலும் நீங்க என்னை விட்டுக்குடுக்க மாட்டீங்க. அந்த பஸ் கண்ணாடி ஞாபகம் இருக்கா? மரக்கிளைன்னு எழுதினீங்களே."

வெர்னாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்தக் கேக்கை அவள் இத்தனை வருஷமும் நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உக்காந்து போடு" என்றாள். "நான் இங்கயே இருக்கேன்."

"ரெண்டாயிரமா? நீங்க வேற. அந்த அட்டையெல்லாம் இப்ப யார் கேக்கறா?"

"அயோவாவுல ஆர்வில்னு ஒருத்தர் கேக்கறார். மாசாமாசம். நீ எப்படி இருக்கேன்னு கேப்பார்."

"அப்ப இதை அவருக்குக் குடுத்துடுங்க." இப்போது போட்ட ஸ்டிக்கரை நகத்தால் உரித்து நீட்டினான். "மத்ததை ஒட்டிடுங்க. உங்களுக்காக இதைப் பண்றேன்."

நீலத் தீற்றல் அவன் விரல் நுனியில் ஆடியது. அவளுக்குக் கை நீளத்தான் செய்தது. வாங்கி அட்டையில் ஒட்டி அனுப்பினால் ஆர்வில் கொட்டகைக்கே வெள்ளையடித்துக் கொண்டாடுவார். ஆனால் வாங்கிய கையால்தான் மற்ற பொய்த்தாள்களுக்கும் சாட்சி போட வேண்டும். அதைத் தெரிந்துதான் நீட்டுகிறான் என்பது அவன் கண்ணில் இருந்தது.

"வச்சுக்கோ" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பர்ச் பியரைத் தொடவே இல்லை.

லெஸ்டர் நீட்டிய படிவத்தில், சாட்சி போட வேண்டிய இடத்தில் 'இது அவன் கை இல்லை' என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள். லெஸ்டர் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் கம்பெனி வாக்குறுதி அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் வேறு வீரர்களின் அட்டைகளை அனுப்ப முடிவு செய்தது. கர்ட்டிஸிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வழக்கு, வழக்கு என்றால் செய்தி. அவன் அடுத்த வருஷமும் விளையாடினான், நன்றாகவே விளையாடினான்.

ஒவ்வொரு மாற்று அட்டையோடும் வெர்னா ஒரு வரி எழுதினாள்: 'இந்தப் பையனை எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தேன். தெரியவில்லை. மன்னியுங்கள். - வெர்னா.' பலர் மாற்று அட்டையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். சிலர் திட்டி எழுதினார்கள், அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

ஆர்வில் ட்யாடனின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. இந்த முறை தபால் அட்டை இல்லை, ஒட்டிய உறை. மழையைப் பற்றி ஒன்றுமில்லை, கூரையைப் பற்றியும் இல்லை.

'பந்து வீசுகிறவர்கள் ஏமாற்றுவது எனக்குப் புதிதல்ல, அம்மா. என் வயதில் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் வருஷமே அந்த அட்டையை மறந்திருப்பேன். நீங்கள் எழுதினீர்கள் என்றுதான் காத்திருந்தேன்.'

மாற்று அட்டையும் உள்ளே இருந்தது. திருப்பி அனுப்பியிருந்தார்.

வெர்னா கடிதத்தை மடித்து, மேஜைக்கு மேலே கர்ட்டிஸின் முதல் வருஷ அட்டை குத்தியிருந்த இடத்தில் குத்தினாள். கழற்றிய பழைய அட்டையை இழுப்பறையில் போட்டாள். அதில் அந்த நீல வால் இன்னும் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை ஒரு கூடைப்பந்து வீரனின் கையெழுத்துக்காக யாரோ கடிதத்தில் கேட்டிருந்தார்கள்: எப்போது வரும், நிச்சயம் வருமா? வெர்னா அச்சடித்த பதிலை எடுத்து, கீழே இருந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தாள். பேனாவை மூடிவிட்டு, அப்படியே உறையில் போட்டு ஒட்டினாள்.