பதினொரு நாள் மூத்தவன்

என் பெரியப்பா மகன் என்னைவிடப் பதினொரு நாள் மூத்தவன். அதற்காகவே ஐம்பது வருடமாக அவனை அண்ணா என்று கூப்பிடுகிறேன். இருவருக்கும் தாத்தாவின் பெயர். அப்பாக்களின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்று. போதாததற்கு, எங்களைக் கல்கத்தாவில் பள்ளியில் சேர்க்கப் போன பெரியப்பா, தனித்தனியாக எழுதுவானேன் என்று இருவருக்கும் ஒரே பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டார். அவனுடைய தேதி. என்னுடையது என் டைரியில் மட்டும் இருக்கிறது.

லேக் மார்க்கெட் அருகே நாங்கள் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொன்னார். வாங்க வேண்டும், அல்லது காலி செய்ய வேண்டும். வங்கிக்குப் போனேன். அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு எழுந்து கைகொடுத்தார். இப்படி ஒரு கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து நாளாயிற்றாம். யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்காத எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஸ்கோருக்குப் பின்னால் உள்ள முழுக் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம் என்று படித்திருந்தேன். வரவழைத்து டைரிகளோடு ஒப்பிட்டேன். முதல் வரியில் ஒரு மோட்டார் சைக்கிள் கடன். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. அடுத்தது வீட்டுக் கடன், முகவரி சாந்த்ராகாச்சி. அண்ணாவின் வீடு.

மாதவாரியான கட்டங்களை விரல் வைத்துப் படித்தேன். ஒரு மாதமாவது தவணை தவறியிருப்பான் என்று தேடினேன். அவன் மகள் கல்யாணம் நடந்த மாதத்தைப் பார்த்தேன், பெரியப்பா இறந்த மாதத்தைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாமதம் பூஜ்யம்.

"பேசாம விட்டுடுங்க, லோன் வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி. நான் அண்ணாவுக்கு போன் செய்தேன். அவன் சிரித்தான்.

"வச்சுக்கோடா. எனக்கென்ன குறைஞ்சா போயிடும்?"

அன்று மாலையே, அவன் கடன்கள் என் கணக்கில் இருப்பதாக அறிக்கை தந்த நிறுவனத்தில் புகார் பதிந்தேன். நேர்மை என்று மனைவி நினைத்துக்கொண்டாள். அவன் பெயரால் கிடைக்கும் வீட்டில் நான் எப்படிப் படுத்துத் தூங்குவது? முப்பது நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது விதி. தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டேன். பத்தொன்பதாம் நாள் திருத்திவிட்டார்கள்.

புதிய அறிக்கையில் என் பெயர், முகவரி, அதன் கீழே வெற்றிடம். ஸ்கோர் இல்லை. இருபது வருட வாடகை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போனேன். அதிகாரி அவற்றைத் தொடவில்லை. கடன் வாங்கியிருந்தால்தானே அடைப்பீர்களா என்று தெரியும் என்றார். நல்ல வரலாறு உள்ள ஒருவர் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் பரிசீலிக்கலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு சாந்த்ராகாச்சி போனேன். அண்ணா படிக்காமலே கையெழுத்திட்டான். மதினி பாயசம் கொடுத்தாள். புதிதாக மாடியில் ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் கடன்தான்.

திங்கட்கிழமை அதிகாரி படிவத்தைப் புரட்டி, ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே என்றார்.

"ரெண்டாவது என் அண்ணா" என்றேன்.

பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கவே, இரட்டையரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவால் அவன் பெயருக்குப் பக்கத்தில்தான் முதலில் டிக் போட்டார்.