வெந்நீர்த் தொட்டியில் மாமா உட்கார்ந்த படி

எங்கள் தோட்டத்து போர்வெல் தண்ணீர் ஆயிரம் அடிக்கும் கீழே இருந்து வருகிறது. செம்பட்டிப் பக்கம் கிணறெல்லாம் வற்றியபின், இரண்டு இடத்தில் துளை போட்டு வெறும் புழுதி பறந்து, மூன்றாவதில் கிடைத்த தண்ணீர். வரும்போதே வெதுவெதுப்பாக வரும். விடிகாலையில் மோட்டார் போட்டால் தொட்டியில் ஆவி எழும்பும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பயம், பூமிக்கடியில் என்ன வேகிறதோ என்று.

மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, அந்தச் சூடு பெரிய ஆறுதல். முழங்கால் இரண்டும் தேய்ந்து ராத்திரியெல்லாம் முனகுவார். காலையில் கரண்ட் வந்ததும் தொட்டிக்குள் இறங்கி, குழாய் கொட்டுகிற இடத்தில் இருக்கும் படியில் உட்கார்ந்துகொள்வார். கைத்தடியைத் தொட்டியிலேயே மறந்துவிட்டு நடந்து வந்த நாட்கள்கூட உண்டு.

சில மாதத்தில் தொட்டிச் சுவரெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படர்ந்தது. மேலே சளி மாதிரி வழவழப்பு, அடியில் ஓடு மாதிரி இறுகல். டவுன் பக்கம் தோல் பதனிடுகிற ஆலைகளின் கழிவு பூமிக்குள் ஊறி இங்கே வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

“மாமா, இதுல குளிக்காதீங்க. என்ன விசமோ.”

“ஏத்தா, கத்தரிச்செடியே தாங்குது. நான் அதைவிடச் சோப்ளாங்கியா?”

“புண்ணு கிண்ணு வந்தா யாரு பாக்குறது?”

“நீதான். வேற யாரு எனக்காக இம்புட்டுக் கவலப்படுறா?”

டவுன் காலேஜில் நுண்ணுயிர்ப் படிப்புப் படிக்கிற அக்கா மகள் ஒருதரம் வந்தபோது அதைச் சுரண்டி பாட்டிலில் கொண்டுபோனாள். அடுத்த தடவை வந்து சொன்னாள்.

“விசமெல்லாம் இல்ல சித்தி. கிருமி.”

“அதுக்கு விசமே தேவலையேடி!”

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். நான் ஏழாவதோடு நின்றவள், புரிந்த மட்டும் எழுதுகிறேன். ஆழத்துத் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் இந்தக் கிருமிகள் அந்த இரும்பைத் துருவாக்கித்தான் பிழைக்கின்றன. துருவும் சுண்ணாம்பும் அவற்றின் வழவழப்பில் ஒட்டி இறுகும். அடியில் இருப்பவை அதற்குள்ளேயே மூடிப்போகும், புதியவை மேலே பிழைக்கும். வடக்கே வெந்நீர் ஊற்றுகளில் பாறையே இப்படித்தான் அடுக்கடுக்காக வளருமாம். போனில் படம் காட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக, அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதற்குள் புதைந்துகிடப்பவைதான் ஞாபகத்துக்கு வந்தன.

“இது மனுசரை ஒண்ணும் செய்யாது சித்தி. எதுக்கும் புண்ணு இருந்தா மட்டும் இறங்க வேணாம்னு சொல்லு.”

மாமாவுக்குக் குதிகாலில் வெடிப்பு இருந்தது. சொன்னேன். கேட்கவில்லை. காலை நனைத்தால்தான் அவருக்கு நடை.

ஐப்பசி மழையில் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். குதிகால் வெடிப்பைப் பற்றிக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் மாரடைப்பு என்றார். நம்பத்தான் வேண்டும். சில ராத்திரிகளில் நம்புகிறேன்.

கருமாதி முடிந்து, தொட்டியைக் கழுவ என் வீட்டுக்காரர் தண்ணீரை வெளியே திறந்துவிட்டார். அப்போதுதான் பார்த்தேன். படி முழுக்கச் செம்பழுப்பாக ஓடு பிடித்திருந்தது. மாமா உட்கார்ந்த இடம் மட்டும் வெறும் சிமெண்டாக, மழமழவென்று இருந்தது. கீழே பாதம் வைத்த இடம் இரண்டும் அப்படியே. தினமும் உடம்பு உரசியதில் அங்கே எதுவும் ஒட்டவில்லை.

“எல்லாத்தையும் சுரண்டிரவா? நீதான நச்சரிச்ச?”

“அந்தப் படிய மட்டும் விட்டுருங்க.”

விட்டுவிட்டார். ஆனால் அது சும்மா இருக்குமா? ஓரத்திலிருந்து பால் ஆடை மாதிரி மெல்லப் படர ஆரம்பித்தது. தேய்த்துவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவேன். நான் தேய்த்தால் அது என் தேய்ப்பு, அவர் இடம் ஆகாது என்று திரும்பிவிடுவேன்.

இப்போது கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் படியைக் கையால் தடவிப் பார்க்கிறேன். பாதம் இருந்த இடம் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு பள்ளம் இன்னும் தட்டுப்படுகிறது.