போணி ஆகாத கட்டம்

பூமண்டியில் விலைப்பட்டியல் ஏற்றுகிறவளுக்குப் பாதி வேலை, இன்னும் வராத விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கம்ப்யூட்டரில் காலிக் கட்டங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

போணி

எங்கள் மண்டி ஓசூரில். நான் ஏற்றும் ரோஜா விலை விடியற்காலையில் விவசாயிகளின் போனுக்குப் போகும். முதலாளி காதர் பாயோ முதல் கட்டு விற்றுப் போணி ஆகாமல் எந்த ரகத்துக்கும் விலை சொல்லமாட்டார். வெளியே பனி. வாளிகளில் ரோஜாக்கள் கழுத்தளவு தண்ணீரில் தூங்கும். திரையிலும் கட்டங்கள் வெள்ளையாகவே இருக்கும். பனி உள்ளேயும் வந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் கடமைக்கு, "சிவப்புக்கு என்ன போட, பாய்?" என்பேன்.

"போணி ஆகட்டும்மா. பூவே அவசரப்படல, உன் கம்ப்யூட்டருக்கு என்ன அவசரம்?"

பூஜ்யம்

புரோகிராம் எழுதிக் கொடுத்த பெங்களூர்த் தம்பி, காலியாக இருந்தால் பூஜ்யம் என்று காட்டும்படி செய்திருந்தார். ஒரு முகூர்த்த நாள் காலையில், தளியில் ஒற்றை பாலிஹவுஸ் ரோஜாத் தோட்டத்தை நம்பிப் பிழைக்கிற லட்சுமம்மா போனைப் பார்த்திருக்கிறார். சிவப்பு ரோஜா, பூஜ்யம் ரூபாய். வரத்து மிஞ்சினால் பூவைக் குப்பையில் கொட்டுகிற ஊர் இது, அவரும் நம்பிவிட்டார். அன்றைக்கு நல்ல விலை போனது. மத்தியானம் அவரே என்னைப் போனில் கூப்பிட்டார்.

"சைபர்னு பாத்ததும் கத்திரிய கீழ வெச்சுட்டேன். பூவெல்லாம் விரிஞ்சுபோச்சு, இனி யாரு வாங்குவா? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா செடியப் புடுங்கிட்டு கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போயிடுவேன்மா."

நேற்றைய விலை

தம்பி உடனே திருத்தினார். காலியாக இருந்தால் முந்தின நாள் விலை வரும். அப்படி மறுநாள் காலையில் வந்ததோ முகூர்த்த விலை. அதை நம்பி ராயக்கோட்டைக்காரர் ஒருவர் வேன் நிறைய பூவோடு வந்து இறங்கினார். மண்டியில் வாங்க ஒரு ஈ காக்கா இல்லை. என் மேஜைக்கு வந்து கேட்டார்:

"நேத்து முடிஞ்ச கல்யாணத்துக்கு இன்னிக்கு எதுக்குங்க பத்திரிகை வெக்கறீங்க?"

காலி

காலியைக் காலியாகவே விடச் சொன்னேன். "ஏதாவது ஒரு நம்பர் வேணும் மேடம், சராசரி தப்பா வரும்" என்றார் தம்பி. காலியைக் கணக்கில் சேர்க்காதே, கட்டத்தில் 'போணி ஆகவில்லை' என்று மட்டும் காட்டு என்று பிடிவாதம் பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

அடுத்த முகூர்த்தத்தன்று மனசு அடித்துக்கொண்டது. லட்சுமம்மா வெட்டுவாரா, செடியைப் பிடுங்குவாரா? தளியிலிருந்து முதல் பஸ் வந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு பூப்பெட்டி, பின்னால் லட்சுமம்மா. காதர் பாய் அவர் பூக்கட்டையே எடுத்துப் போணி பண்ணினார். அந்த விலையைக் கட்டத்தில் அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலை தெரியாமலே எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"சைபர்னா பயம் கண்ணு. காலியா இருந்தா, நல்லதா ஏதோ வரப்போவுதுன்னு கை தானா வெட்டுது."

என் சம்பள உயர்வுக்கான கட்டத்தையும் காதர் பாய் ரொம்ப நாளாகக் காலியாகத்தான் வைத்திருக்கிறார், பூஜ்யம் என்று போடாதவரை நானும் ஆசையோடு உட்கார்ந்திருக்கிறேன்.